டி.எஸ்.பி. அறிமுகப் பாடம்: கணக்கு சரி, ஆய்வுகூடத்தில் ஏன் பிழையாகிறது?

கேள்வி இதுதான். கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் ஒரு மாணவர் டி.எஸ்.பி. (சைகைகளை எண்களாக்கிக் கணினியால் கையாளுவது) அறிமுகப் பாடத்தை இந்த அரையாண்டில் தொடங்கியிருக்கிறார். வகுப்பில் கணக்கு விளங்குகிறதாம். ஆனால் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் எடுத்த தரவை எவ்.எவ்.ரி. (சைகையில் எந்த மீடிறன் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கணக்கு) போட்டால், 50 ஹேர்ட்ஸில் வரவேண்டிய உச்சி 260 ஹேர்ட்ஸில் வருகிறது. ஊர்க் குளத்தில் வைத்த நீர்மட்ட உணரி, காற்று அசையாத நேரத்திலும் தண்ணீர் ஏறி இறங்குவதாகக் காட்டுகிறது. 50 ஹேர்ட்ஸ் இரைச்சலை எடுக்க எழுதிய வடிகட்டியின் வெளியீடு எல்லை மீறிப் போகிறது. செயற்றிட்டத்துக்கு யானையின் குரலைக் கண்டுபிடிக்கும் கருவி செய்யலாமா என்றும், இதற்கெல்லாம் எதை முதலில் படிப்பது என்றும் கேட்கிறார்.

தம்பி, முதல் இரண்டு சிக்கலும் யானைக் கருவியில் வரப்போகும் சிக்கலில் பாதியும் ஒரே வேரில் இருந்து வருகின்றன. கணினிக்குள் போன சைகை வெறும் எண்களின் வரிசை. அந்த வரிசையில் செக்கன் இல்லை, ஹேர்ட்ஸ் இல்லை. இரண்டு எண்களுக்கு இடையில் எவ்வளவு நேரம் போனது என்பதை வெளியில் இருந்து நீங்கள்தான் சொல்கிறீர்கள். நீங்கள் சொன்ன நேரமும் உண்மையில் போன நேரமும் வேறாக இருந்தால், அதற்குப் பிறகு வரும் கணக்கு எல்லாம் சரியாகச் செய்யப்பட்ட பிழை. ஆகவே எந்தப் பயிற்சியிலும் தாளின் மேல் மூலையில் மாதிரி வீதத்தை (செக்கனுக்கு எத்தனை தடவை சைகையை அளக்கிறோம் என்பதை) எழுதிவிட்டுத் தொடங்குங்கள். ஆய்வுகூடத்தில் அந்த வீதத்தை அளந்துவிட்டுத் தொடங்குங்கள்.

உங்கள் 260 ஹேர்ட்ஸை எடுப்போம். ஆர்டுயினோ ஊனோவின் அனலொக் பின்னில் ஒரு முழ நீள வயரைச் செருகிவிட்டால், பக்கத்தில் ஓடும் மின்வயரின் 50 ஹேர்ட்ஸ் அதில் ஏறும். நீங்கள் செய்ததும் அதுதான். அது பாதுகாப்பான வழி. 230 வோல்ற்று வயரை எந்தத் தடை போட்டும் நேராகப் பின்னில் தொடவே கூடாது. புரோகிராமில் ஒரு மாதிரி எடுத்து, அதை அச்சிட்டு, 1 மில்லிசெக்கன் தாமதம் வைத்திருக்கிறீர்கள். அதனால் மாதிரி வீதம் செக்கனுக்கு 1000 என்று எடுத்துக்கொண்டீர்கள். ஆனால் கணினிக்கு அனுப்பும் தொடர்பு வேகம் செக்கனுக்கு 9600 பிட். ஓர் எழுத்தை அனுப்பத் தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்து 10 பிட் வேண்டும்; ஆகவே செக்கனுக்கு 960 எழுத்துகள்தான் போகும். 512 போன்ற மூன்று இலக்க எண்ணோடு வரிமுடிவின் இரண்டு எழுத்தையும் சேர்த்தால் ஐந்து எழுத்து. 960ஐ ஐந்தால் வகுத்தால் 192. அனுப்பும் இடையகம் 64 பைட்; அது நிரம்பும்வரை எல்லாம் வேகமாக ஓடுவதாகத் தெரியும். நிரம்பியதும் புரோகிராம் அச்சிடும் வரியில் நின்றுவிடும். உண்மையான வீதம் 1000 அல்ல, 192. 50ஐ 192ஆல் வகுத்து 1000ஆல் பெருக்கிப் பாருங்கள்: 260.4 வரும். எவ்.எவ்.ரி. பிழைவிடவில்லை.

உங்கள் வரைபடத்தை இன்னும் வடிவாகப் பார்த்தால் அந்த உச்சி கூராக இல்லாமல் தடித்திருப்பது தெரியும். இரண்டு இலக்க எண்ணை அனுப்ப நாலு எழுத்துத்தான் வேண்டும், நாலு இலக்கத்துக்கு ஆறு. அதாவது அடுத்த மாதிரி எப்போது எடுக்கப்படும் என்பதைச் சைகையின் பெறுமானமே தீர்மானிக்கிறது. சீரான இடைவெளி என்பது இந்தப் பாடத்தின் ஒவ்வொரு சூத்திரத்துக்கும் அடியில் இருக்கும் எடுகோள். அது உடைந்தால் பிறகு எந்த வடிகட்டியாலும் சரிக்கட்ட முடியாது.

திருத்துவது இலகு. மாதிரிகளை முதலில் நினைவகத்தில் சேமியுங்கள். எடுத்து முடிந்த பிறகு அச்சிடுங்கள். ஊனோவில் 2048 பைட் நினைவகம்தான் உண்டு. ஒரு முழுவெண்ணுக்கு 2 பைட் என்றால் 500 மாதிரிக்கு 1000 பைட் போகும், அது தாராளம். இரண்டின் அடுக்காக இருக்கட்டும் என்று 1024 வைத்தால் நினைவகம் முழுவதும் போய், புரோகிராம் ஓடாது. தாமதக் கட்டளையையும் விட்டுவிடுங்கள்: அது மாதிரி எடுக்கப் போன நேரத்துக்கு மேலே 1 மில்லிசெக்கனைக் கூட்டுகிறது. ஊனோவில் ஒரு அனலொக் வாசிப்புக்கே 0.1 மில்லிசெக்கன் போகும். அதற்குப் பதிலாக மைக்ரோசெக்கன் கடிகாரத்தைப் பார்த்து, அடுத்த மாதிரியின் நேரத்தை முந்திய நேரத்தோடு 1000 கூட்டி வையுங்கள். இப்போதைய நேரத்தோடு கூட்டினால் சிறு சிறு தாமதங்கள் சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் முதல் மாதிரிக்கும் கடைசி மாதிரிக்கும் இடைப்பட்ட நேரத்தை அச்சிட்டு, வீதம் உண்மையில் 1000தானா என்று பாருங்கள். இந்த ஒரு வரியை எழுதாத செயன்முறை அறிக்கைக்கு நான் புள்ளி குறைப்பேன்.

இனி குளம். அணைக்கட்டில் வைத்த அழுத்த உணரி 4 முதல் 20 மில்லியம்பியர் தருகிறது. பம்ப் அறைவரை வயர் இழுத்து, 250 ஓம் தடையில் 1 முதல் 5 வோல்ற்றாக மாற்றி, செக்கனுக்கு ஒரு தடவை வாசிக்கிறீர்கள். குளத்து நீர்மட்டம் மெதுவாகத்தான் மாறும், ஆகவே செக்கனுக்கு ஒன்று தாராளம் என்று நினைப்பது இயல்பு. நீர்மட்டத்துக்கு அது தாராளம்தான். ஆனால் மாதிரியெடுப்புத் தேற்றம் நீங்கள் விரும்பும் சைகைக்கு மட்டும் உரியது அல்ல. வயரில் வரும் எல்லாவற்றுக்கும் உரியது. மாதிரி வீதத்தின் பாதிக்கு மேல் எது வந்தாலும் அது கீழே மடிந்து விழும். அதைத்தான் அலியாசிங் என்கிறோம். பம்ப் மோட்டருக்குப் பக்கத்தால் போகும் வயரில் 50 ஹேர்ட்ஸ் கட்டாயம் ஏறும். வலையமைப்பின் மீடிறன் அந்த நேரத்தில் 49.95 ஹேர்ட்ஸ் என்று வையுங்கள். ஒரு செக்கனில் 49.95 சுற்று, அடுத்த மாதிரி வரும்போது அலை ஏறத்தாழ அதே இடத்தில், 0.05 சுற்றுப் பின்தள்ளி நிற்கும். 20 செக்கனுக்கு ஒரு தடவை அது முழுச்சுற்று ஆகும். உங்கள் தாளில் 20 செக்கன் ஆவர்த்தனத்தோடு தண்ணீர் ஏறி இறங்குவதாகத் தெரியும். பார்க்க உண்மையான நீரலை போலவே அழகாக இருக்கும். மின்வலையமைப்பின் மீடிறன் அலைவதால் ஆவர்த்தனமும் நேரத்துக்கு நேரம் மாறும், அது இன்னும் நம்பும்படி செய்யும்.

இது உண்மை அலையா, மடிந்த அலையா என்று அறிய ஒரு சோதனை உண்டு. வாசிக்கும் இடைவெளியை 1.000 செக்கனில் இருந்து 1.003 செக்கனாக மாற்றுங்கள். 49.95ஐ 1.003ஆல் பெருக்கினால் 50.1 சுற்று, இப்போது ஒவ்வொரு மாதிரிக்கும் 0.1 சுற்று முன்தள்ளும். 20 செக்கனாக இருந்த அலை 10 செக்கனாகச் சுருங்கும். குளத்துத் தண்ணீருக்கு உங்கள் 3 மில்லிசெக்கன் தெரியாது. ஆவர்த்தனம் மாறினால் அது தண்ணீர் அல்ல.

மாதிரி எடுத்த பிறகு மென்பொருளில் சராசரி எடுத்து இதை நீக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. 20 செக்கன் அலையாக மடிந்து விழுந்தபின், அதையும் மெய்யான 20 செக்கன் அலையையும் பிரிக்கும் எந்தத் தகவலும் அந்த எண்களில் இல்லை. மாதிரியெடுக்க முன்பே தடுக்கவேண்டும். மலிவான வழி: பின்னுக்கு முன்னால் 10 கிலோ ஓம் தடை, பின்னுக்கும் நிலத்துக்கும் இடையில் 10 மைக்ரோ பரட் கொள்ளளவி. வெட்டு மீடிறன் 1.6 ஹேர்ட்ஸ் அளவில் வரும். 50 ஹேர்ட்ஸ் ஏறத்தாழ 31 மடங்கு குறையும். அதோடு இன்னொன்றும் செய்யலாம்: செக்கனுக்கு ஒரு தடவை வாசிக்கும்போது, ஒரு வாசிப்புக்குப் பதிலாக 1 மில்லிசெக்கன் இடைவெளியில் 20 வாசிப்பு எடுத்து அவற்றின் சராசரியைப் பதியுங்கள்.

ஏன் 20? 20 மில்லிசெக்கன் என்பது 50 ஹேர்ட்ஸின் ஒரு முழுச்சுற்று; மேல் அரையும் கீழ் அரையும் கூட்டினால் பூச்சியம். 100, 150, 200 ஹேர்ட்ஸுக்கும் அந்த 20 மில்லிசெக்கனில் முழுச்சுற்றுகளே அடங்கும், அவையும் போய்விடும். மீடிறன் 49.9 ஆனாலும் 500இல் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆனால் பெரும்பாலானோர் வகுத்தல் இலகு என்று 16 மாதிரியின் சராசரி எடுப்பார்கள். 16க்கு முதல் பூச்சியம் 62.5 ஹேர்ட்ஸில் விழுகிறது. 50 ஹேர்ட்ஸ் கால்பங்குக்குச் சற்றுக் குறைவாக, 0.235 மடங்காக, அப்படியே வந்து சேரும். நாலு மாதிரி கூடுதலாக எடுப்பதில் இவ்வளவு வித்தியாசம். நகரும் சராசரியின் மீடிறன் துலங்கலைக் கையால் வரைந்து பூச்சியங்கள் எங்கே விழுகின்றன என்று குறித்துப் பார்த்தவருக்கு இது உடனே பிடிபடும். பாடத்தில் அந்தப் பயிற்சி வரும்போது தாண்டிப் போகவேண்டாம்.

பிட் எண்ணிக்கையைப் பற்றிச் சுருக்கமாக: ஊனோவின் 10 பிட், 5 வோல்ற்றை 1024 படியாகப் பிரிக்கிறது, ஒரு படி 4.9 மில்லிவோல்ற்று. பிட்டை 6.02ஆல் பெருக்கி 1.76 கூட்டினால் டெசிபெல் கிடைக்கும் என்ற சூத்திரப்படி 62 டெசிபெல் வரும். அது சைகை முழு வீச்சையும் நிரப்பினால் மட்டுமே. மைக்கில் இருந்து 50 மில்லிவோல்ற்று வந்தால் உங்களிடம் பத்துப் படிதான் உண்டு; முன்னால் பெருக்கி வேண்டும். 12 பிட் இருக்கிறதென்று இ.எஸ்.பி. 32 என்ற பலகைக்கு மாறுபவர்கள் கவனிக்கவேண்டியது இரண்டு. அதன் வாசிப்பு வீச்சின் இரு அந்தங்களிலும் நேர்கோட்டில் இராது. வைபை ஓடும்போது இரண்டாவது அனலொக் அலகின் பின்களை நம்பமுடியாது, முதலாவது அலகின் பின்களையே எடுக்கவேண்டும்.

கணிதத்துக்கு வருவோம். உயர்தர இணைந்த கணிதத்தில் படித்ததில் மூன்று விடயம் கையோடு இருந்தால் போதும்: சிக்கலெண்ணை வீச்சமும் கோணமுமாக எழுதுவது, சைன் கோசைன் கூட்டல் சூத்திரங்கள், பெருக்கல் விருத்தியின் கூட்டுத்தொகை. டி.எவ்.ரி. (எவ்.எவ்.ரி.க்கு அடியில் இருக்கும் கணக்கு) நிறுவல்களில் பாதி பெருக்கல் விருத்திதான். தொகையீட்டை நினைத்துப் பயப்படுகிற அளவுக்கு இந்தப் பாடத்தில் தொகையீடு இல்லை.

டி.எவ்.ரி. என்பது ஒப்பிடல். உங்கள் எண்வரிசையை ஒவ்வொரு மீடிறனின் சைன், கோசைன் வரிசையோடும் உறுப்புக்கு உறுப்புப் பெருக்கிக் கூட்டுகிறோம். ஒத்துப்போனால் கூட்டுத்தொகை பெரிதாகும், ஒத்துப்போகாவிட்டால் கூட்டலும் கழித்தலும் தம்முள் தீர்ந்துவிடும். எவ்.எவ்.ரி. அதே விடையைக் குறைந்த பெருக்கலில் தரும் வழி, வேறொன்றும் இல்லை. 1024 புள்ளிக்கு நேர்க்கணக்கில் 10,48,576 சிக்கலெண் பெருக்கல், எவ்.எவ்.ரி.யில் 5120. கூலி, டூக்கி இருவரும் 1965இல் வெளியிட்ட வழி இது. காவுஸ் 1805 அளவிலேயே சிறுகோள்களின் பாதைக் கணக்குக்காக இதே உத்தியை எழுதி வைத்திருந்தார். முதலில் எட்டுப் புள்ளி டி.எவ்.ரி.யைக் கையால் ஒரு தடவை செய்யுங்கள். எவ்.எவ்.ரி.யின் படிகளை அம்புக்குறிகளால் காட்டும் பட்டாம்பூச்சி வரைபடத்தை அதற்குப் பிறகு பாருங்கள். தலைகீழாகச் செய்பவர்கள் அம்புக்குறிகளைப் பாடமாக்கிவிட்டுப் பரீட்சையில் ஒரு குறியை மாற்றிப் போடுகிறார்கள்.

எவ்.எவ்.ரி. விடையை வாசிப்பதில்தான் கூடுதல் பிழை. கூறுகளுக்கு (விடையில் வரும் மீடிறன் இடங்களுக்கு) இடையிலான தூரம் மாதிரி வீதத்தை மாதிரி எண்ணிக்கையால் வகுத்தது. 1000 வீதத்தில் 500 மாதிரி என்றால் 2 ஹேர்ட்ஸ். 50 ஹேர்ட்ஸ் மட்டுமட்டாக 25ஆம் கூற்றில் விழும். ஒக்டேவ் என்ற கணிப்பு மென்பொருளில் எண்ணல் ஒன்றில் தொடங்குவதால் அது வரிசையில் 26ஆவது இடம். அதை மறந்தால் 52 ஹேர்ட்ஸ் என்று எழுதுவீர்கள். 8000 வீதத்தில் 1024 மாதிரி எடுத்தால் தூரம் 7.8125 ஹேர்ட்ஸ், 50 ஹேர்ட்ஸ் 6.4ஆம் கூற்றில் நிற்கவேண்டும், அப்படி ஓர் இடம் இல்லை. அதன் வலு பக்கத்துக் கூறுகள் எல்லாவற்றிலும் சிந்தும். இரண்டின் அடுக்குத்தான் வேண்டும் என்ற கட்டாயம் இன்றைய நிரல்தொகுப்புகளில் இல்லை. 800 மாதிரி எடுங்கள், 50 ஹேர்ட்ஸ் 5ஆம் கூற்றில் சுத்தமாக நிற்கும்.

மீடிறன் முன்கூட்டித் தெரியாதபோது விண்டோ, அதாவது பதிவின் இரு அந்தங்களையும் மெல்லத் தணிக்கும் எண்வரிசை, வேண்டும். விண்டோ போடாமல் விட்டால் பக்க மடல் (உச்சியின் இரு பக்கமும் எழும் சிறு மேடு) உச்சியில் இருந்து 13 டெசிபெல்தான் கீழே. ஹான் என்ற விண்டோ போட்டால் 31. விலையாக முதன்மை மடல் (உச்சியின் மேடு) இரண்டு மடங்கு அகலமாகும், நெருங்கிய இரண்டு மீடிறன்கள் ஒட்டிப்போகும். ஹான் வீச்சத்தையும் பாதியாக்கும், அதைத் திருப்பி இரண்டால் பெருக்கவேண்டும். பின்னால் பூச்சியங்களைச் சேர்த்து நீட்டினால் பிரிதிறன் கூடும் என்று நம்புகிறவர்கள் பலர். கூடாது. வளைகோடு மழமழப்பாகும், அவ்வளவுதான். ஒட்டிய இரண்டு மீடிறனைப் பிரிக்க நீண்ட நேரம் பதிவதைத் தவிர வேறு வழி இல்லை.

எவ்.எவ்.ரி.யால் கொன்வலூசன் (சைகையை வடிகட்டியின் குணகங்களோடு நகர்த்தி நகர்த்திப் பெருக்கிக் கூட்டுவது) செய்யும்போது பூச்சியம் சேர்ப்பது வேறு கதை, அங்கே கட்டாயம். 1000 மாதிரியை 101 குணகத்தோடு சேர்த்தால் விடை 1100 நீளம். 1000 புள்ளியிலேயே செய்தால் வால் சுற்றி வந்து முதல் 100 மாதிரியின் மேல் ஏறும். வரைபடத்தின் தொடக்கத்தில் மட்டும் குப்பை தெரிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும்.

இப்போது எல்லை மீறிய வடிகட்டி. 1000 வீதத்தில் 50 ஹேர்ட்ஸ் என்பது ஒரு மாதிரிக்கு 18 பாகை. அலகு வட்டத்தில் கூட்டியும் கழித்தும் 18 பாகையில் இரண்டு பூச்சியம் (வடிகட்டி முழுதாக அழிக்கும் இடம்) வையுங்கள். அதே கோணத்தில், ஆரை 0.98இல் இரண்டு முனைவு (வடிகட்டி தூக்கிவிடும் இடம்) வையுங்கள். 18 பாகையின் கோசைனின் இரு மடங்கு 1.9021. அதை 0.98ஆல் பெருக்கினால் 1.8641, 0.98இன் வர்க்கம் 0.9604. ஆகவே எழுதவேண்டியது இது:

இப்போதைய வெளியீடு = இப்போதைய உள்ளீடு − 1.9021 × முந்திய உள்ளீடு + அதற்கு முந்திய உள்ளீடு + 1.8641 × முந்திய வெளியீடு − 0.9604 × அதற்கு முந்திய வெளியீடு.

இடமாற்றச் சார்பு (வெளியீட்டை உள்ளீட்டால் வகுத்த பின்னம்) எழுதும்போது அதன் கீழ்ப்பகுதியில் 1.8641க்கு முன்னால் கழித்தல் இருக்கும், 0.9604க்கு முன்னால் கூட்டல். சமன்பாட்டின் மறுபக்கத்துக்குக் கொண்டுவரும்போது இரண்டு குறியும் மாறவேண்டும். நீங்கள் மாற்றாமல் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். அப்போது முனைவுகள் 0.42இலும் −2.28இலும் போய் விழுகின்றன. இரண்டாவது அலகு வட்டத்துக்கு வெளியே. ஒவ்வொரு மாதிரியிலும் வெளியீடு 2.28 மடங்காகி, குறியும் மாறி மாறி வரும். நூறு சொச்சம் மாதிரிக்குள் மிதவை எண்ணின் எல்லையைத் தாண்டிவிடும். ஒன்றுவிட்டு ஒன்று குறி மாறிப் பெருகும் வெளியீட்டைக் கண்டால் முதலில் பின்னூட்டக் குறிகளைப் பாருங்கள். ஒக்டேவின் குணக வரிசையைக் கையால் எழுதும் புரோகிராமுக்கு மாற்றும்போதும் இதே பிழைதான் நடக்கும்.

குறியைத் திருத்திய பிறகு இன்னொரு பொறி இருக்கிறது. தசம இடங்களைக் குறைத்து 1.9, 0.96 என்று எழுதினால் என்ன வரும்? முனைவின் ஆரை பெரிதாக மாறவில்லை, ஆனால் கோணம் 18 பாகையில் இருந்து 14.2 ஆகிவிடும், அதாவது 39 ஹேர்ட்ஸ். 50இல் பள்ளம் இருக்கும், 39இல் நீங்கள் கேட்காத ஒரு மலை எழும்பும். மீடிறன் மாதிரி வீதத்தோடு ஒப்பிடச் சிறிதாக இருக்கும்போது இரண்டு முனைவும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும், அங்கே குணகத்தின் மூன்றாம் நாலாம் தசமமும் பேசும். உயர் வரிசை வடிகட்டிகளை எப்போதும் இரண்டாம் வரிசைத் துண்டுகளாகப் பிரித்து எழுதச் சொல்வது இதனால்தான்.

பள்ளத்தை ஒடுக்கமாக்க ஆரையை ஒன்றுக்கு நெருக்கினால் நல்லதுதானே என்று தோன்றும். 0.98இல் பள்ளத்தின் அகலம் 6.4 ஹேர்ட்ஸ் அளவு. தொடக்கத் தளம்பல் நூறில் ஒன்றாகக் குறைய 228 மாதிரி, 0.23 செக்கன், போகும். ஆரையை நெருக்க நெருக்க இந்த நேரம் நீளும். பதிவின் முதல் பகுதியை எறிந்துவிட்டுப் பாருங்கள்.

ஒக்டேவிலும் பைதனிலும், மாதிரி வீதத்தைத் தனியாகக் கொடுக்காதபோது, வெட்டு மீடிறனை மாதிரி வீதத்தின் பாதியால் வகுத்துக் கொடுக்கவேண்டும். 1000 வீதத்தில் 50 ஹேர்ட்ஸுக்கு 0.1. முழு வீதத்தால் வகுத்து 0.05 கொடுத்தால் 25 ஹேர்ட்ஸிலேயே வெட்டும், எந்த எச்சரிக்கையும் வராது. அனலொக் வடிகட்டியை இருநேர் உருமாற்றத்தால் எண்முறை வடிகட்டியாக மாற்றும்போது மீடிறன் அச்சு வளையும். அதே 1000 வீதத்தில் 200 ஹேர்ட்ஸ் வேண்டுமென்று 200க்கே அனலொக்கை வடிவமைத்தால் 178.6இல் வந்து நிற்கும். 231க்கு வடிவமைத்தால்தான் 200 கிடைக்கும். பரீட்சையில் இது அடிக்கடி வரும்.

யானைக் கருவி நல்ல செயற்றிட்டம். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்து விவசாயிகளுக்கு இதன் தேவை என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஆனால் இலகுவான செயற்றிட்டம் அல்ல. ஆசிய யானையின் தாழ்குரலை கத்தரீன் பெய்னும் தோழர்களும் 1986இல் பதிந்து வெளியிட்டார்கள்; அடிப்படை மீடிறன் 14 முதல் 24 ஹேர்ட்ஸ், பெரும்பாலும் காதுக்கு எட்டாத பகுதி. கைபேசியின் மைக்கும் அதன் மென்பொருளும் இந்தப் பகுதியை வெட்டிவிடும், இரைச்சல் நீக்கி வேறு குறுக்கே நிற்கும். தாழ்மீடிறனுக்கு என்று அளவு குறிப்பிட்ட மைக், சுருக்கப்படாத பதிவுக் கோவை இரண்டும் வேண்டும்.

8000 வீதத்தில் பதிந்துவிட்டு, கணக்கைக் குறைக்க 200 வீதத்துக்கு இறக்குவீர்கள். நாற்பதுக்கு ஒன்று பொறுக்கி எடுத்தால் 180, 220 ஹேர்ட்ஸ் மட்டுமல்ல, 3980 ஹேர்ட்ஸில் கத்தும் சில்வண்டும் மடிந்து 20 ஹேர்ட்ஸில் யானையின் இடத்தில் உட்காரும். இரவு முழுக்க அபாயமணி அடிக்கும். குளத்து உணரியில் நடந்ததேதான் இங்கும் நடக்கிறது. இறக்க முன்பு தாழ்மீடிறன் வடிகட்டி கட்டாயம். எட்டால் ஒரு தடவை, ஐந்தால் ஒரு தடவை என்று இரண்டு படியாகச் செய்தால் மிகக் குறைந்த குணகங்களோடு முடியும்.

அடுத்த எதிரி லாண்ட் மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரம். ஒற்றைச் சிலிண்டர், நான்கடிப்பு இயந்திரம் நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடினால் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை எரியும்: செக்கனுக்கு 16.7 தடவை. நட்டநடுவில் யானையின் பட்டையில். ஆகவே 14 முதல் 24 வரையிலான வலுவைக் கூட்டி ஒரு எல்லையோடு ஒப்பிடும் கருவி வேலைக்கு ஆகாது. நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று பார்க்கவேண்டும். 200 வீதத்தில் 256 மாதிரி விண்டோ, 1.28 செக்கன், கூறு 0.78 ஹேர்ட்ஸ், பாதிக்குப் பாதி மேற்படியும்படி நிறமாலைப் படம் போடுங்கள். இயந்திரம் நிமிடக்கணக்கில் நேர்கோடாகப் போகும், யானையின் குரல் சில செக்கனில் வளைந்து எழுந்து அடங்கும். விண்டோவை 4 செக்கனாக நீட்டினால் கோடு கூராகும், ஆனால் அந்த வளைவு அழிந்துவிடும்.

சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் இந்தப் பட்டை முழுக்கக் காற்றின் இரைச்சல்தான். மைக்கின் மேல் போடும் பஞ்சு 20 ஹேர்ட்ஸில் பெரிதாக உதவாது. இரண்டு மைக்கை 2 மீற்றர் தள்ளி வையுங்கள். 20 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 17 மீற்றருக்கு மேல், ஆகவே மெய்யான ஒலி இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அவத்தையில் வரும். காற்றுச் சுழிகள் ஒவ்வொரு மைக்கிலும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் பெருக்கிச் சராசரி எடுத்தால் காற்றின் பங்கு சுருங்கும், குரல் நிற்கும். இதுவும் ஒப்பிடல்தான், டி.எவ்.ரி.யில் செய்த அதே வேலை.

வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் ஆளும் இல்லாமல் இரவில் காட்டோரம் மைக் வைக்கப் போகாதீர்கள். முதல் கட்டத்துக்கு லாண்ட் மாஸ்டர், நீர் இறைக்கும் இயந்திரம், காற்று, இடி, பாரவூர்தி ஆகியவற்றைப் பகலில் பதிந்து, இவை எதற்கும் அடிக்காத கருவியைச் செய்யுங்கள். ஒவ்வொரு கோவையின் பெயரிலும் இடம், நேரம், மைக், மாதிரி வீதம் நான்கும் இருக்கட்டும்.